மாத்திரை என்றால் அளவு

கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் போகும் வழியில் என் அத்தை மெஸ் நடத்தினார். தகர ஷீட் போட்ட நீளமான அறை, நான்கு பெஞ்சு, பின்னால் சமையல், அவ்வளவுதான். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணிக்கு இட்லி. நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு அதே ஆறு மணிக்குச் சோறு. முதலில் சுற்றுவட்டாரத்து ஆட்களும் ஆந்திரா பக்கத்து ஆட்களும்தான் வந்தார்கள். பிறகு பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் என்று ஆனது. அத்தைக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும். இந்தியில் நாலு வார்த்தை. யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். மாசம் முடிந்து சம்பளம் வந்ததும் கணக்கு தீர்ப்பார்கள்.

அத்தைக்குக் கேன்சர் வந்தது. கீமோ ஆரம்பித்த பிறகு அவரால் தாளிக்கிற வாசனையைத் தாங்க முடியவில்லை. எண்பது பேருக்குச் சமைத்த மனுஷி, கடுகு வெடித்தால் எழுந்து பின்பக்கம் ஓடினார். வாந்திக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஓரளவு கேட்டது. ஆனால் பசி திரும்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்னையிலிருந்து ட்ரெயினில் வந்து பார்க்கும்போது ஒரு சுற்று இளைத்திருப்பார்.

மெஸ்ஸில் சாப்பிட்ட உத்தரப்பிரதேசத்துப் பையன் ஒருவன் ஒரு நாள் சின்ன பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே கறுப்பு உருண்டைகள். "அம்மா, இது சாப்டா பசிக்கும். எங்க ஊர்ல கடையில விக்கும்" என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். அத்தை அதை என்னிடம் நீட்டினார். "நீ இன்ஜினியராச்சே, நெட்ல பாத்து சொல்லு."

போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். ஆயுர்வேத மருந்து, ஜீரணத்துக்கு, உரிம எண், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும். சேர்மானத்தில் முதல் பெயர் விஜயா. ஆயுர்வேதத்தில் விஜயா என்றால் பாங், அதாவது கஞ்சாச் செடியின் இலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். கீமோ வாந்திக்கு அமெரிக்காவில் இந்தச் செடியின் சத்தையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். போதும் என்று தோன்றியது.

இரவு ஏழு மணிக்கு அரை உருண்டை, வெதுவெதுப்பான பாலோடு. எட்டு மணிக்கு, "ஒண்ணும் தெரியலடா" என்றார். மிச்ச அரையையும் கொடுத்தேன். எட்டரைக்கும் ஒன்றுமில்லை. இன்னொன்றை உடைத்துப் பாதி கொடுத்தேன்.

பத்து மணிக்கு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்துட்டனா?" என்று கேட்டார்.

*

அந்த இரவைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பல நாள் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி இது: நோயில் இருக்கிற ஒருவருக்கு, சரியாகத் தெரியாத ஒரு பொருளை அன்பினால் கொடுப்பது தப்பா? கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் அது சரியா? இப்போது பார்த்தால், கேள்வியையே தவறான இடத்தில் வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது. அதற்கு வருவதற்கு முன்னால் அன்றைக்கு அத்தையின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கஞ்சாவில் போதையைத் தருவது டிஹெச்சி என்கிற பொருள். புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். போதும் என்று உடம்பே சொல்லிவிடும். சாப்பிட்டால் கதை வேறு. வயிறு, குடல், பிறகு ஈரல். ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுவும் போதை தருவதுதான், மூளைக்குள் எளிதாகப் போவது. வேலை தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். உச்சத்துக்குப் போக மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகலாம். முழுசாக இறங்க எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதை எடுப்பது. 2014-ல் அமெரிக்காவின் கொலராடோவில் விற்பனை சட்டப்படியான புதிதில், மௌரீன் டவுட் என்கிற பிரபல பத்திரிகையாளர் ஒரு மிட்டாயைக் கொஞ்சம் கடித்து, ஒன்றும் தெரியாமல் மேலும் கடித்து, ஓட்டல் அறையில் பல மணி நேரம் நடுங்கிக் கிடந்ததை எழுதினார். நிறையப் பேர் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தொழிலில் இந்தத் தப்புக்குப் பெயரே உண்டு. சர்வர் மெதுவாக இருக்கிறது. பதில் வரவில்லை என்று நாம் திரும்பத் திரும்ப பட்டனை அமுக்குகிறோம். சர்வர் எதையும் தொலைக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையில் வைத்திருக்கிறது. பிறகு மூன்று முறை பணம் போகிறது. வேலையில் இதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அதையே செய்தேன்.

*

பாக்கெட்டில் எல்லாம் இருந்தது, அளவு மட்டும் இல்லை. ஒரு உருண்டை எவ்வளவு எடை என்று இருந்தது. அதற்குள் எத்தனை மில்லிகிராம் டிஹெச்சி என்று இல்லை.

ஏன் இல்லை? நம் சட்டம் இந்தச் செடியை அப்படிப் பார்க்கவில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. பிசின் என்றால் சரஸ். பூவும் காயும் உள்ள நுனி என்றால் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. 1961-ன் சர்வதேச ஒப்பந்தத்திலிருந்தே இப்படித்தான். அந்த இடைவெளியில் பாங் பிழைத்துக் கிடக்கிறது. ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான விதிகளில் விஷப்பொருள் பட்டியல் ஒன்று இருக்கிறது. கஞ்சாச் செடி விதை நீங்கலாக அதில் வருகிறது. அதனால்தான் அந்த 'மருத்துவர் மேற்பார்வையில்' என்ற வாசகம்.

அந்தப் பையனின் ஊரில் அது கடையில் தொங்குகிற ஜீரண உருண்டை. அதே உருண்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கினால் 'கஞ்சா சாக்லேட் பறிமுதல்' என்று செய்தி. எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து சென்னைக்கு வருகிற கஞ்சாவுக்கு எங்கள் தேசிய நெடுஞ்சாலை ஒரு முக்கிய வழி. எளாவூர் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். பஸ்ஸில் இந்திக்காரப் பையன்கள் இருந்தால் அவர்கள் பையைத்தான் முதலில் திறப்பார்கள்.

சட்டத்துக்கும் ஒரு அளவு உண்டு. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சரஸ் என்றால் 100 கிராம், ஒரு கிலோ. போதைப்பொருளோடு வேறு எது கலந்திருந்தாலும் மொத்த எடையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கலப்படம் செய்து விற்கிறவன் தப்பித்துவிடக் கூடாது என்பது காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தராசு கடத்துகிறவனுக்காகச் செய்யப்பட்டது. படுக்கையில் இருக்கிறவருக்கு வேண்டிய தராசு வேறு. அதில் வெல்லத்தின் எடையைச் சேர்க்க மாட்டார்கள்.

*

அந்த இன்னொரு தராசை முதலில் தூக்கிப் பார்த்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். வில்லியம் ஓ'ஷாக்னசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். ஊரில் எல்லோரும் பயன்படுத்தும் இந்தச் செடியின் பிசினைச் சாராயத்தில் கரைத்து, முதலில் நாய்களுக்கும் மற்ற விலங்குகளுக்கும் கொடுத்தார். பிறகு நோயாளிகளுக்கு. 1839-ல் அதை வெளியிட்டார். மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சா நுழைந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதில் ஒரு குறிப்பு எனக்கு மனப்பாடம். 1838 நவம்பரில், மூட்டு வலி நோயாளி ஒருவருக்குப் பகல் இரண்டு மணிக்கு ஒரு கிரெய்ன் பிசின். இன்றைய கணக்கில் சுமார் 65 மில்லிகிராம். நாலு மணிக்கு அவர் நிறையப் பேசினார், பாடினார், இன்னும் சாப்பாடு கேட்டார். ஆறு மணிக்குத் தூங்கினார். எட்டு மணிக்கு நினைவில்லை. கையைத் தூக்கி வைத்தால் தூக்கிய இடத்திலேயே நின்றது. பிறகு தேறிவிட்டார்.

பகல் இரண்டு மணிக்குக் கொடுத்தது இரவு எட்டு மணிக்கு உச்சம். இதைப் படித்திருந்தால் அன்று எட்டரை மணிக்கு இன்னொரு அரையை உடைத்திருக்க மாட்டேன்.

ஓ'ஷாக்னசியை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அந்த ஏழை நோயாளிகளிடம், இது என்ன, என்ன ஆகலாம் என்று விளக்கிச் சம்மதம் கேட்டாரா என்றால், அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவர் சோதனை செய்தார். நானும் அத்தையிடம் செய்தது சோதனைதான். அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பயந்துபோன நேரத்திலும் அவர் மணி பார்த்து எழுதி வைத்தார்.

நான் அழித்தேன்.

*

அத்தை "செத்துட்டனா" என்று கேட்ட பிறகு நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. போன் கையில்தான் இருந்தது. அவர் நெஞ்சு படபடவென்று அடிப்பது தள்ளி நின்றாலே தெரிந்தது. நாக்கு வறண்டு பேச்சு குழறியது. சுமார் இருபது நிமிடம் நான் யோசித்தேன். எதை? கேஸ் ஆகுமா? ஆபீசில் தெரிந்தால்? வெளிநாட்டுப் பிராஜெக்ட் ஒன்றுக்கு என் பின்னணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் அத்தையைப் பற்றி யோசித்தது எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போனில் நான் தேடியவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தேன்.

போன இடத்தில் டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஏதோ நாட்டு மருந்து."

"என்ன நாட்டு மருந்து?"

"தெரியல மேடம்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஈசிஜி எடுத்தார், சர்க்கரை பார்த்தார், டிரிப் போட்டார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினார். தெரிந்திருந்தால் பாதி டெஸ்ட் தேவைப்பட்டிருக்காது. "இது இறங்கிடும், பயப்படாதீங்க" என்று அத்தையிடம் சொல்ல ஒருவராவது இருந்திருப்பார். விடியும்வரை அத்தை சாவை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு அன்று மிகவும் தேவைப்பட்ட மருந்து அந்த ஒரு வாக்கியம். அது என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

அதனால்தான் என் கேள்வி தவறான இடத்தில் இருந்தது என்கிறேன். உருண்டையைக் கொடுத்தது அறியாமை. அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. "தெரியல மேடம்" என்பது அறியாமை இல்லை.

மறுநாள் மதியம் அத்தை தெளிந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "எண்பது பேரு சாம்பாருக்கு உப்பு போடறவ நான். பத்தலன்னா ஒரு கை போட்டுட்டு ஒரு கொதி வர்ற வரைக்கும் நிப்பேன். கரையணும்ல? அப்பறம்தான் அடுத்த கை. நீ நிக்கலடா."

*

டொரொன்டோவில் என் நண்பனின் அம்மாவுக்கும் கீமோ நடந்தது, ஏறக்குறைய அதே சமயத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பம். கனடாவில் மருத்துவத் தேவைக்குக் கஞ்சா 2001-லிருந்து உண்டு. 2018 அக்டோபரில் எல்லோருக்கும் சட்டப்படி ஆனது. தின்பண்டமும் செறிவூட்டிய எண்ணெய்களும் ஒரு வருடம் கழித்து விதிகளுக்குள் வந்தன. ஒரு தின்பண்டப் பாக்கெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஹெச்சி இருக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தது: இரண்டரை மில்லிகிராமில் தொடங்குங்கள். இரவில், வீட்டில், கூட ஒருவர் இருக்கும்போது. அன்று இரண்டாவது கிடையாது. நோட்டில் எழுதுங்கள். மற்ற மருந்துகளின் பெயரைச் சொல்லுங்கள், சில ரத்த மருந்துகளோடும் வலிப்பு மருந்துகளோடும் இது மோதும். புகைக்கிற மெழுகு, பிசின் மாதிரிச் செறிவுகள் புது ஆளுக்கு வேண்டாம். சிலவற்றில் முக்கால் பங்குக்கு மேல் டிஹெச்சிதான். எழுந்து நடக்கும்போது தலை சுற்றும், சுவரைப் பிடியுங்கள். சந்தேகம் என்றால் இந்த நம்பர்.

நண்பன் இதைச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுக்குக் கஞ்சா கிடைக்கிறது என்பதற்காக இல்லை, அந்தப் போன் நம்பருக்காக.

அங்கே எல்லாம் சரி என்றும் நினைத்துவிட வேண்டாம். பல வண்ண டப்பாவில் மிட்டாய் மாதிரி விற்கும்போது குழந்தைகள் எடுத்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று விற்கிறவர்கள் இங்கேயும் கிளம்பிவிட்டார்கள். விஜயா எண்ணெயை இணையத்திலேயே வாங்கலாம். ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. கீமோ வாந்திக்கு உதவுகிறது, சில அரிய வகை வலிப்புகளுக்கு உதவுகிறது, தண்டுவட மரப்பு நோயில் தசை இறுக்கத்துக்கு ஓரளவு. வலிக்கு என்றால், சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-ல் இதைப் பரிந்துரைக்க மறுத்தது. போதுமான சான்று இல்லை என்றது. நம்பிக்கையை விற்பதும் ஒரு வகையில் அளவைச் சொல்லாமல் கொடுப்பதுதான்.

நம் நாட்டில் எனக்குத் தெரிந்த பெரிய பாடம் கஞ்சாவில் இல்லை, மார்ஃபினில் இருக்கிறது. அதே 1985 சட்டத்துக்குப் பிறகு டாக்டர்களும் மருந்துக் கடைகளும் பயந்தார்கள். நடைமுறைகள் நீண்டன. பன்னிரண்டு வருடத்தில் மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் குறைந்து, 1997-ல் நாடு முழுவதற்கும் 18 கிலோ ஆனது. அபினை விளைவித்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்த நாடு இது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் போராடிய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. போதையைத் தடுக்கக் கட்டிய சுவர், புற்றுநோயாளியின் அலறலுக்கும் டாக்டரின் காதுக்கும் நடுவில் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைக் கட்டவில்லை. தப்பாகப் போனால் என் தலை உருளுமே என்று ஒவ்வொருவரும் ஒதுங்கினார்கள். அந்த இருபது நிமிடத்தில் நான் செய்ததும் அதுதான்.

அதே 1985-ல்தான் அமெரிக்காவில் டிஹெச்சியைச் செயற்கையாகச் செய்து கீமோ வாந்திக்கு மாத்திரையாக அனுமதித்தார்கள். குறைந்த அளவு இரண்டரை மில்லிகிராம். அதைக் கரைத்திருப்பது எள்ளெண்ணெயில். அத்தை இட்லிப் பொடிக்கு ஊற்றிய அதே நல்லெண்ணெய்.

நாம் டேப்லெட்டை மாத்திரை என்கிறோம். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் மாத்திரை என்றால் அளவு: கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அப்படிப் பார்த்தால் அளவு சொல்லாத மருந்து மாத்திரையே இல்லை, வெறும் உருண்டை. அளவு என்பது பாக்கெட்டில் அச்சிடுகிற எண் மட்டுமும் இல்லை. இவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல ஒருவர், அதைப் பயமில்லாமல் கேட்க ஒருவர், விடியும்வரை கூட இருக்க ஒருவர். சட்டம் எந்தப் பக்கம் போனாலும் இந்த மூன்று பேருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் இப்போது என் கேள்வி.

*

அத்தை ஏழு மாதம் கழித்து இறந்தார். அந்தப் பையன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். தொழிலாளர்கள் தங்கும் அறைகளில் போலீஸ் சோதனை நடந்த வாரம் அவன் மெஸ்ஸுக்கு வரவில்லை. பிடித்தார்களா, ஊருக்குப் போனானா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று இருந்தது. பசியில்லாத ஒரு அம்மாவுக்குத் தன் ஊர் மருந்தைக் கொடுத்தவன். அன்று ஆஸ்பத்திரியில் நான் உண்மையைச் சொல்லி, யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வந்திருந்தால் அவன் பெயரைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. உண்மையைச் சொல்வதே இன்னொருவனைப் பிடித்துக் கொடுப்பதாக ஆகிவிடுகிற ஊரில், உண்மையைச் சொல் என்று யாருக்கும் சுலபமாக உபதேசம் செய்ய முடியாது.

காரியம் முடிந்து பாக்கிக் கணக்குப் பார்க்க மெஸ் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் அத்தையின் கோணல் எழுத்து. முதல் வரியில் அந்த சனிக்கிழமையின் தேதி. "ஒண்ணரை. ராத்திரி பூரா கஷ்டம். வேணாம்." அடுத்த வரி பத்து நாள் கழித்து. "கால். ஒண்ணும் இல்ல." பிறகு, "கால். தூக்கம் வந்தது." அதற்குப் பிறகு, "அரைக்கும் கம்மி. ரெண்டு இட்லி சாப்ட்டேன். வாந்தி இல்ல." இப்படிப் பதினோரு வரிகள். ஒவ்வொன்றிலும் மணி போட்டிருந்தார்.

தன் அளவை அத்தையே கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அதை எப்படி மறைக்க வேண்டும் என்று நான்தான் அவர் எதிரிலேயே செய்து காட்டியிருந்தேனே. கீமோ மருந்துகளோடு அது எப்படிச் சேர்ந்தது, கடைசி மாதங்களின் தலைசுற்றல் எதனால் வந்தது என்று பார்க்கச் சொல்லி அந்தப் பதினோரு வரிகளை நீட்ட அவருக்கு ஒரு ஆள் இல்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது.